இழுக்காமல் நின்ற கை

பிரின்சி, லூர்து, இது உங்கள் இரண்டு பேருக்கும். பிரின்சி, நீ சத்தமாக வாசி. அந்தச் சத்தம் லூர்துக்குப் பிடிக்கவில்லை என்றால் அவன் தனியாகப் படித்துக்கொள்ளட்டும். நான் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்ல வந்ததைத் திருத்த வேண்டாம்.

செலினா அத்தையை அடக்கம் செய்த அன்றைக்கு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். கஸ்பார் மாமா வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தது. எல்லாரும் பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தோம். பந்தல் கயிறு ஒன்று அவிழ்ந்து, காற்றுக்குத் தகரம் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. லூர்து, நீ அழவில்லை. எழுந்து போய் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டினாய். பிறகு ஒவ்வொரு காலாகப் போய் முடிச்சுகளைச் சோதித்துக்கொண்டு வந்தாய். வேம்பாரிலிருந்து வந்திருந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏளா, இந்தப் பயலப் பாரு. தூக்கி வளத்தவ செத்துக் கெடக்கா, இவன் கல்லு மாதிரி நின்னு கயிறு கட்டுதான். ஈவு இரக்கம்னு ஒண்ண ஆண்டவர் இவனுக்கு வைக்கவே இல்லியா?"

பிரின்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியம்மா, அந்தத் தகரச் சத்தம் அவனுக்குக் காதுல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். செலினா அத்தைக்கும் அந்தச் சத்தம் ஆகாது. மழைக்காலத்துல பஞ்சு வச்சிக்கிட்டுத்தான் படுப்பாவ. உங்களுக்கு அது தெரியுமா? அவனுக்குத் தெரியும்."

"போளா, ரெண்டு புத்தகத்தப் படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கா" என்று பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சில நாள் கழித்து, மீன் வாங்கிக்கொண்டு நாம் இரண்டு பேரும் திரும்பி நடந்தபோது, லூர்து, நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "அப்பா, எனக்கு இரக்கம் இல்லியா?"

நான் பதில் சொல்லவில்லை. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். நான் அழுதால் உனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போய்விடும். அதனால் எழுதுகிறேன். பதில் இருக்கிறது. அதை நான் தண்ணீருக்கு அடியில் தெரிந்துகொண்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வாலிபத்தில் சங்கு குளித்தேன். பிறகு துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் கப்பல்களுக்கு அடியில் வேலை பார்த்தேன். கப்பலின் வயிற்றில் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்டுவது, கப்பலைத் தள்ளும் காற்றாடியில் சுற்றிய வலையையும் வடத்தையும் அறுத்தெடுப்பது, இதுதான். முகமூடி போட்டு இறங்குவோம். மேலே பார்ஜ் என்கிற தட்டைப் படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும். குழாயோடு கூட இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை மேலே ஒருவர் கையில் இருக்கும். இப்போது முகமூடிக்குள்ளேயே பேசுகிற கருவி, கேமரா எல்லாம் வந்துவிட்டன. எங்களுக்குக் கயிறுதான் வாய், கயிறுதான் காது.

அந்தக் கயிறு யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முத்துக்குளித்த காலத்திலிருந்து வருவது. பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் வீட்டுப் பங்கு, தோணிப் பங்கு என்று ஏதாவது இருக்கும். மச்சான் கையை விட்டால் அவன் தங்கச்சியின் தாலி போகும், அதனால் விடமாட்டான் என்று கணக்கு. அப்படித்தான் என் கயிறு உங்கள் கஸ்பார் மாமா கையில் வந்தது. சங்கு குளித்த நாளிலிருந்தே அவன்தான்.

எங்கள் சூப்பர்வைசர் சாமுவேல் சார், நாசரேத்துக்காரர். பார்ஜில் எண்ணெயும் துருவுமாகக் கிடக்கும். அதற்குள் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நிற்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்ப நேரம் துடைத்தால் நாங்கள் பயப்படுவோம். ஆள் இறங்குவதற்கு முன்னால் அவரே கப்பலில் ஏறி, எஞ்சினை நிறுத்தச் சொல்லி, "ஆள் தண்ணீரில்" என்ற பலகையைத் தன் கையால் மாட்டிவிட்டு வருவார். வேறு யாரையும் அனுப்பமாட்டார்.

வந்த பிறகு ஒரு பரீட்சை வைப்பார். இறங்குகிறவனும் கயிறு பிடிக்கிறவனும் முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். நடுவில் கயிறு. ஒரு இழுப்பு என்றால் "நல்லா இருக்கியா?" பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தால் "இருக்கேன்." நாலு இழுப்பு என்றால் "மேலே தூக்கு." மும்மூன்றாக மூன்று தடவை இழுத்தால், "சிக்கியிருக்கேன், நானே விடுவிச்சுக்குவேன், இழுக்காதே." ஒன்றையும் வாயால் சொல்லக் கூடாது. திரும்பியும் பார்க்கக் கூடாது.

கஸ்பார் எப்போதும் திரும்பிவிடுவான்.

"கஸ்பார், ஏன் திரும்புறீங்க?"

"மச்சான் மூஞ்சியப் பாக்கேன் சார். மூஞ்சியப் பாத்தா எனக்கு எல்லாம் தெரிஞ்சிரும்."

"கீழ போன பிறகு மூஞ்சி ஏது தம்பி? கயித்தக் கேளுங்க."

"கயிறு என்னத்தப் பேசும் சார், நான் கட்டுன பொண்டாட்டியே பேச மாட்டேங்கா" என்பான். எல்லாரும் சிரிப்போம். சார் கண்ணாடியைக் கழற்றுவார்.

அந்தப் பரீட்சையில் ஒரு தடவைகூடத் திரும்பாத ஆள் ஒருவர் இருந்தார். கம்ப்ரசர் பார்க்கிற மொகுதூம். காயல்பட்டினத்துக்காரர். கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் வளைகுடா நாட்டில். அவரும் போனார். ஒரே அறையில் கும்பலாகத் தங்குவதைத் தாங்க முடியாமல் திரும்பி வந்துவிட்டார். ஆள் வராத நாளில் கயிறு பிடிக்கவும் சார் அவரைப் பழக்கியிருந்தார். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார். கை கொடுத்தால் தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். சோற்றில் குழம்பு படக் கூடாது, இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். "கம்ப்ரசர் இந்தக் கத்து கத்துதே, அது பக்கத்துல எப்படி அண்ணாச்சி உக்காந்திருக்கிய?" என்று ஒருமுறை கேட்டேன். "அது ஒரே மாதிரி கத்தும். ஆளுங்க அப்படி இல்ல" என்றார்.

கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். கஸ்பார் திருவிழாவுக்குப் புதுச் சட்டை போட்டுவந்து, "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான். "வயிறு நல்லாத் தெரியுது" என்றார். அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார்கள். ஆனால் எங்களில் ஒருவனுக்குத் தகப்பனார் இறந்துபோய், அவன் பார்ஜில் உட்கார்ந்து அழுதபோது இவர் பக்கத்தில் போய், "அவருக்கு நெஞ்சு வலி ரொம்ப நாளா இருந்துச்சே, ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிட்டுப் போகல?" என்று கேட்டார். அதை யாரும் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பேர் கல்லு. "கல்லு வந்துட்டானா?", "கல்லு, கம்ப்ரசரப் போடு" என்றே பேசினார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

நிலக்கரிக் கப்பல் ஒன்று. காற்றாடியில் பழைய நைலான் வடமும் வலையுமாகச் சுற்றி இறுகியிருந்தது. கலங்கிய தண்ணீர். நீட்டிய கையே தெரியாது. தடவித் தடவி அறுத்துக்கொண்டிருந்தேன். இறுக்கத்தில் இருந்த வடம் அறுபட்டதும் சுருள் போலத் துள்ளி, என் காலையும் காற்றுக் குழாயையும் சேர்த்து ஒரு வளையமாகப் பிடித்துக்கொண்டது. பதற்றம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கத்தி கையில் இருந்தது, எங்கே அறுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கொஞ்சம் நேரம் மட்டும் வேண்டும். மும்மூன்றாக மூன்று தடவை இழுத்தேன். இழுக்காதே.

இழுத்தார்கள்.

கயிறு விறைத்து என்னை மேலே தூக்கியது. கால் கீழே வடத்தில். குழாய் காற்றாடியின் விளிம்பில் மடங்கி அழுந்தியது. காற்று குறைந்தது. மறுபடியும் மும்மூன்றாக இழுக்கப் பார்த்தேன். விறைத்த கயிற்றை என்ன இழுத்தாலும் மேலே போய்ச் சேராது. என் காலைப் பிடித்திருந்த வளையம் ஒவ்வொரு இழுப்புக்கும் இறுகியது. அப்போது எனக்கு உங்கள் அம்மா நினைவு வந்தது. அவளுடைய அண்ணன் கையால் இப்படி ஆகப்போகிறதே என்றுதான் நினைத்தேன்.

மேலே நடந்ததைச் சாமுவேல் சார் பிறகு எனக்குச் சொன்னார். கயிறு துடித்ததும் கஸ்பாருக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டதாம். "மச்சான் சாவுதான்! மச்சான் சாவுதான்!" என்று கத்திக்கொண்டு கயிற்றை வாரி வாரி இழுத்திருக்கிறான். அவன் அழுகையைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் கயிற்றில் கை வைத்துவிட்டார்கள். சார் என்னை விடுவிக்க இறங்கவேண்டிய மாற்று ஆளுக்கு முகமூடி மாட்டிக்கொண்டிருந்தார். "இழுக்காதீங்க" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அப்போது மொகுதூம் கம்ப்ரசரை விட்டு எழுந்து வந்து, கயிறு பார்ஜின் விளிம்பைத் தொடும் இடத்தில் அதன் மேல் முழு உடம்பையும் போட்டுக் குப்புறப் படுத்துவிட்டார்.

"மூணு, மூணு, மூணு" என்றாராம். "இழுக்காதேன்னு சொல்லுதாரு. விடுங்க."

"ஏலே கல்லு, எந்திரில! செத்துருவாருல! எந் தங்கச்சி தாலி அறுந்துரும்ல!" என்று கஸ்பார் அவரை அடித்திருக்கிறான். வாயில் ரத்தம் வந்திருக்கிறது. மனிதர் எழுந்திருக்கவில்லை. யாராவது தொட்டாலே விலகிப்போகிறவர், அத்தனை கைகளுக்குக் கீழே அசையாமல் படுத்திருந்தார். சார் வந்து கஸ்பாரைப் பிடித்துத் தள்ளிய பிறகு, மொகுதூம் கயிற்றைக் கையில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி விட்டார்.

கீழே எனக்குக் காற்று வந்தது. பிறகு கயிற்றில் ஒரு இழுப்பு. நல்லா இருக்கியா?

ஒரே ஒரு இழுப்பு. அவசரம் இல்லை, நடுக்கம் இல்லை. நான் ஒன்று திருப்பி இழுத்தேன். கத்தியை எடுத்து வளையத்தை அறுத்தேன். கால் விடுபட்டதும் நாலு இழுப்பு இழுத்தேன். தூக்கினார்.

மேலே வந்ததும் கஸ்பார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். அதற்குள் ஒருவன் சொன்னான்: "காயல்காரனுக்கென்ன, அவன் தங்கச்சி தாலியா போவுது? அதான் கல்லு மாதிரி கெடந்தான்."

லூர்து, இந்த வார்த்தையைத்தான் பெரியம்மா உன்னைப் பார்த்துச் சொன்னாள்.

நான் மொகுதூமைத் தேடிப் போனேன். கம்ப்ரசர் நிறுத்தியிருந்தது. அதன் பின்னால் டீசல் டிரம்களுக்கு இடையில் உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, பல் கிட்டிப்போய் இருந்தார். பார்ஜில் அழுத எங்களில் ஒருவரும் அந்த அளவுக்கு நடுங்கவில்லை. நான் "அண்ணாச்சி" என்று தோளைத் தொட்டேன்.

"தொடாதிய!"

கையை எடுத்துக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. கயிற்றின் ஒரு முனை என் இடுப்பிலேயே கிடந்தது. அதை அவிழ்த்து அவர் காலடியில் போட்டேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, டிரம்களுக்கு இந்தப் பக்கம் வந்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஒரு இழுப்பு இழுத்தேன். பதில் இல்லை. காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு வந்தது.

அவ்வளவுதான். என் வாழ்நாளில் ஒரு மனிதன் என்னோடு அத்தனை நெருக்கமாக உட்கார்ந்திருந்தது கிடையாது.

அடுத்த வேலைக்கு என் கயிறு மொகுதூம் கையில்தான் இருக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னேன். வீட்டில் உங்கள் அம்மா சோற்றுப் பானையை ணங்கென்று வைத்தாள்.

"எங்கண்ணன் கையில இருந்து கயித்தப் புடுங்கப் போறியளாமே? ஊருல நாலு பேரு என்ன கேப்பாவ? அவன் பாசத்துலதான இழுத்தான்?"

"பாசத்துலதான் இழுத்தான். அதுலதான் நான் சாவப் பாத்தேன்."

"அப்போ பாசம் இல்லாதவன் கையில கயித்தக் குடுக்கப் போறிய."

"அவருக்குப் பாசம் இல்லன்னு யாரு சொன்னா? நீ அவர டிரம்முக்குப் பின்னால பாக்கல."

அம்மா ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கஸ்பார் வேலைக்கே வரவில்லை. நான் விடவில்லை. அவன் வீட்டுக்குப் போய், "ஏலே, நீயும் வரணும். அவரு கயித்தப் பிடிக்கட்டும், நீ என்னயப் பிடி" என்றேன். "அதுக்கு என்ன மச்சான் அர்த்தம்?" என்றான். எனக்கே அப்போது தெளிவாகத் தெரியாது.

பிறகு தெரிந்தது. ஒரு நாள் காலையில் நான் முகமூடி மாட்டப் போகையில் கஸ்பார் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், இன்னைக்கு எறங்காத. உம் மூஞ்சி சரியில்ல." எனக்குக் காதுக்குள் வலி. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் வேலை போய்விடுமே என்று மறைத்திருந்தேன். மொகுதூம் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இந்தக் காதோடு இறங்கியிருந்தால் செவிப்பறை கிழிந்திருக்கும் என்றார். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் வரைக்கும் அப்படியே நடந்தது. இறங்குவதற்கு முன்னால் கஸ்பார் என் முகத்தைப் பார்ப்பான். இறங்கிய பிறகு மொகுதூம் கயிற்றைக் கேட்பார். சாமுவேல் சாரும் அதை ஒத்துக்கொண்டார். அவர் கண்ணாடிக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

பிரின்சி, பாளையங்கோட்டையில் நீ படிக்கிற படிப்பைப் பற்றி அடுப்படியில் வைத்து எனக்குச் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. இரக்கம் என்பது மனிதன் கோயில் கட்டிய பிறகு வந்தது இல்லை, அதற்கும் வெகு காலத்துக்கு முன்னால் பிள்ளை வளர்க்கிற உயிர்களிடம் முளைத்தது என்றாய். குட்டி கத்தினால் தன் உடம்பு துடிக்கிற தாயின் குட்டி பிழைத்தது. அந்தத் துடிப்பு அப்படியே வழிவழியாக வந்தது என்றாய். எனக்கு அது புதிதாகப் படவில்லை. செத்த குட்டியை மூக்கால் தூக்கித் தூக்கிக் காற்று காட்டிக்கொண்டு போன ஓங்கலை, அதுதான் டால்பினை, நான் சங்கு குளிக்கையில் பார்த்திருக்கிறேன். கடல் கெளுத்தியில் ஆண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். வாய் நிறைய இருக்கும்போது இரை எடுக்க முடியாது. பட்டினி கிடக்கும். ஓங்கல் அலறுகிறது, கெளுத்தி வாயை மூடிக்கொண்டு பேசாமல் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவன் எதைப் பாசம் என்பான்?

அடுத்தவன் நடுக்கம் நமக்கும் தொற்றுவது ஒன்று, அடுத்தவனுக்கு என்ன வேண்டும் என்று அறிந்து செய்வது வேறு என்றும் சொன்னாய். எல்லாருக்கும் நரம்பு ஒரே மாதிரி பின்னப்படவில்லை, அதற்கு நரம்பியல் பன்மை என்று பேர் என்றாய். சிலருக்கு நடுக்கம் குறைவாகத் தொற்றுவதில்லை, தாங்க முடியாத அளவுக்குத் தொற்றுகிறது; அதனால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்றாய். அந்த இடத்தில் நான் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு வெளியே போனேன். நினைவிருக்கிறதா? மொகுதூம் டிரம்களுக்கு இடையிலிருந்து எழுந்து என் முன்னால் வந்தது போல இருந்தது.

இயற்கை ஏன் இரண்டு விதமாகவும் ஆட்களைப் பெற்றுப்போடுகிறது என்று நான் யோசித்துப் பார்த்தேன். இது என் நினைப்பு மட்டும்தான், பரீட்சையில் எழுதிவிடாதே. ஒரு பார்ஜில் எல்லாரும் கஸ்பாராக இருந்தால் நான் செத்திருப்பேன். எல்லாரும் மொகுதூமாக இருந்தால் செவிடாகியிருப்பேன். கஸ்பாருக்குக் குறை ஒன்றும் இல்லை. மொகுதூமுக்கும் இல்லை. யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் குறை.

லூர்து, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு கஸ்பார் மாமா என்னிடம் தனியாக ஒன்று சொன்னான். "மச்சான், காலையில இருந்து எனக்கு அழுகையே வரல. அந்தத் தகரம் படார் படார்னு மண்டைக்குள்ள அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. செலினா இருந்தா காதப் பொத்திக்கிட்டு உள்ள ஓடியிருப்பா. சத்தம் நின்னதுக்கு அப்புறந்தான் அவ மூஞ்சியையே பாத்தேன். பெறகுதான் அழுதேன். யாரு மச்சான் கயித்தக் கட்டுனா?"

நீதான் கட்டினாய் என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு, "கல்லுக்குப் பக்கத்துல நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?" என்றான்.

உனக்கு இரக்கம் இல்லையா என்று கேட்டாய். இருக்கிறது. இருக்கிறது என்று நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒருவர் கையில் என் உயிரைக் கொடுத்துவிட்டுப் பல வருடம் கடலுக்குள் இறங்கியவன் சொல்கிறேன். பெரியம்மா என்ன சொன்னாலும் இந்த வீட்டில் இதுதான் பேச்சு. நான் இல்லாத காலத்திலும் இதுதான் பேச்சு. பிரின்சி, நீ சாட்சி.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது மத்தியானம். அம்மா கடைக்குப் போயிருந்தாள். லூர்து, நீ ஐஸ் கம்பெனி வேலைக்குப் போயிருந்தாய். வேலையிலிருந்து நின்றபோது சாமுவேல் சாரிடம் கேட்டு வாங்கிவந்த பழைய கயிறு பரணில் கிடந்தது. அதை எடுத்து உதறினேன். ஒரு முனையை உன் கட்டில் ஓரத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். சுவர் ஓரமாகக் கொண்டுவந்து, மறுமுனையை என் கட்டில் காலில் கட்டினேன். நடுவில் வேண்டிய அளவு தளர்த்தி விட்டேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

இழுக்கவில்லை.